கடைசி மணிக்குப் பறந்த காகிதங்கள்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதக் கடைசியில், தொலைக்காட்சியில் ஓர் அட்டவணையைக் காட்டுவார்கள். அதிபர் தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களில் பங்குச் சந்தை ஏறினால் ஆளுங்கட்சி ஜெயிக்கும், இறங்கினால் தோற்கும் என்று ஓர் இளைஞர் பச்சைக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் தொட்டுத் தொட்டு விளக்குவார். "உன் ஆளுங்க வந்துட்டாங்க," என்று என் மனைவி லொரேன் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். நான் 1980 என்ற வரி வரும்வரை உட்கார்ந்து பார்ப்பேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். விதி பொய்த்த வருஷம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவேன்.

நட்சத்திரக் குறி போட்ட வேறு சில வருஷங்களும் அந்த அட்டவணையில் உண்டு. எனக்கு அந்த ஒன்றுதான் கணக்கு. அதற்குள் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

என் பெயர் கேஸிமிர் ரூட்ஸிக். ஸ்டேட்டன் தீவிலிருந்து தினமும் படகேறி வால் ஸ்ட்ரீட் போய், பங்குச் சந்தைத் தளத்தில் நின்று வேலை பார்த்தவன். நான் தரகன் இல்லை. சந்தையின் சம்பளக்காரன். என் எதிரில் ஒரு பங்கு கைமாறியதும் எத்தனை, என்ன விலை என்று ஒரு அட்டையில் பென்சிலால் குறித்து, பக்கத்திலிருக்கும் இயந்திரத்தில் செருக வேண்டும். அடுத்த சில விநாடிகளில் அது நாடு முழுக்க ஓடும் விலை நாடாவில் ஏறிவிடும். அந்த வேலைக்கு எங்கள் தளத்தில் நிருபர் என்று பெயர். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பேர் பக்கமும் சாயாமல், நடந்ததை மட்டும் எழுதுகிற ஆள். படகில் போக வர நாற்பது, ஐம்பது பக்கம் படிப்பேன். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் என்னை வாத்தியார் என்பார்கள்.

அந்தப் பெயரை வைத்தவன் டெர்மட் கியோ. புரூக்ளின்காரன், சிவந்த முகம், இடிமுழக்கக் குரல். பெரிய தரகு நிறுவனங்களின் ஆட்களுக்குக் கை ஓயாதபோது அவர்களுடைய ஆர்டரை வாங்கி, முடித்துக் கொடுத்து, கூலி வாங்கும் தனித் தரகன். தளத்தில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் உறுப்பினர் உரிமை வேண்டும். அதை இருக்கை என்போம். உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது, பெயர் மட்டும் இருக்கை. விலை தரைதட்டிக் கிடந்த வருஷத்தில், மாமியாரின் வீட்டை அடகு வைத்து டெர்மட் ஓர் இருக்கை வாங்கியிருந்தான்.

மூன்றாவது ஆள் இஸடோர் பெர்ல்மட்டர். அறுபத்தாறு வயது, ஒல்லி உடம்பு, நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் கண்ணாடி. எங்கள் தளத்தில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. வாங்க ஆள் இல்லாதபோது அவர் தன் காசில் வாங்க வேண்டும். எல்லோரும் வாங்கத் துடிக்கும்போது அவர் விற்க வேண்டும், கையில் இல்லாவிட்டால் பங்கைக் கடன் வாங்கியாவது. விமானச் சக்கரங்கள் செய்யும் பசேயிக் ஏரோ என்ற கம்பெனியின் பங்குக்குப் பெர்ல்மட்டர் பொறுப்பாளர். அவருடைய மேடைக்கு எதிரில்தான் பதினாறு வருஷமாக நான் நின்றேன்.

அப்போதெல்லாம் அதிபர் தேர்தல் நாளன்று சந்தைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை ஊரே ஓட்டுப் போடும். தளம் பூட்டிக் கிடக்கும். அந்த ஒரு நாள் நிசப்தத்துக்கு முன்னால், திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடைசி மணி அடித்ததும், அன்று சேர்ந்த வேண்டாத தாள்களையெல்லாம் தரகர்கள் கிழித்து மேலே வீசுவார்கள். அந்த உயரமான கூரைக்குக் கீழே ஒரு நிமிஷம் பனி பெய்யும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு ஒவ்வொரு மேடையிலிருந்தும் ஒரு பெட்டி கேக் போகும். ஒரே ஒரு விதி: கையில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வீச வேண்டும்.

நான் வீசியதே இல்லை. எங்களுக்குத் தடை எதுவும் இல்லை. சம்பளக்காரனுக்கு என்ன கொண்டாட்டம் என்று ஒதுங்கி நிற்பேன்.

அந்த வருஷம் நவம்பர் மூன்றாம் தேதி, திங்கள். கருத்துக் கணிப்புகள் எல்லாம் இழுபறி என்றன. மூன்றரை மணிக்கு டெர்மட் ஒரு காகிதக் கோப்பைக் காப்பியோடு வந்து என் தோளில் இடித்தான்.

"என்ன வாத்தியாரே, யாருக்கு ஓட்டு?"

"அது எனக்கும் அந்த ஓட்டுச்சாவடித் திரைச்சீலைக்கும் நடுவுல."

"பொண்டாட்டிக்கே சொல்லமாட்டே போலிருக்கே!"

"அவ சொல்லித்தானே போடப்போறேன்."

மேடைக்குள்ளிருந்து பெர்ல்மட்டர் சிரித்தார். டெர்மட் அவர் பக்கம் திரும்பினான். "பெருசு, உங்க நோட்டு என்ன சொல்லுது?"

பெர்ல்மட்டரிடம் ஒரு கறுப்பு அட்டை நோட்டு இருந்தது. தளத்துக்கு அவர் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கு முன்னும் பின்னும் சந்தை எப்படிப் போனது என்று அதில் எழுதி வைத்திருந்தார். அதற்கு முந்தியதை அவருடைய அப்பா எழுதியிருந்தார்.

"முப்பத்திரண்டுல மறுநாள் இறங்குச்சு. நாப்பத்தெட்டுல மறுநாள் விழுந்துச்சு. நான் மாடிப்படியில உக்காந்து அழுதேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

"இந்த வருஷத்தைச் சொல்லுங்க."

"ஆகஸ்ட்லேர்ந்து ஏறிக்கிட்டே வருது. ஏறினா இருக்கிறவனே இருப்பான். எழுதி வச்சுக்கோ."

"நோட்டு பொய் சொன்னதே இல்லையா?"

"ரெண்டு தடவ சொல்லியிருக்கு."

"அப்ப யாரு காசு போச்சு?"

"கேக்கணுமா? என் காசுதான்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஆனாலும் அவர் அந்த நோட்டை நம்பினார். பதவியில் இருப்பவர் நீடித்தால் ராணுவச் செலவு அதிகமாகாது, விமானக் கம்பெனிப் பங்குகள் தணியும் என்பது அவர் கணக்கு. அதனால் அன்று வாங்க வந்த எல்லோருக்கும் தயங்காமல் விற்றுக்கொண்டிருந்தார்.

மணி அடிக்க அரை நிமிஷம் இருக்கும்போது டெர்மட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். ஒஹையோவில் ஒரு ஓய்வூதிய நிதிக்காக ஒரு நிறுவனம் கடைசி நேரத்தில் அவனிடம் கொடுத்த ஆர்டர்.

"பசேயிக், இருபத்தேழுக்கு அம்பது வாங்குறேன்!"

நூறு பங்கு ஒரு கட்டு. ஐம்பது என்றால் ஐயாயிரம் பங்கு, ஒவ்வொன்றும் இருபத்தேழு டாலர். பெர்ல்மட்டர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். டெர்மட்டைப் பார்த்துத் தலையசைத்தார். பென்சிலின் பின்பக்கத்தால் மேடை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் வியாபாரம். எங்கள் தளத்தில் கையெழுத்துக் கிடையாது. டெர்மட் தன் தாளில் கிறுக்கிக்கொண்டான். தூரத்துத் தொலைபேசிக் கூண்டில் நின்ற நிறுவனத்தின் எழுத்தருக்கு, வாங்கியாச்சு என்று விரல்களால் சைகை காட்டினான். நான் அட்டையில் குறித்தேன். பெர்ல்மட்டரின் எழுத்தர் அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தில் நிமிரவே இல்லை. வழக்கம்போல என் அட்டைகளைப் பார்த்துப் பிறகு புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

மணி அடித்தது.

தளம் முழுக்க ஓ என்று ஒரு சத்தம். நாலா பக்கமும் வெள்ளையாய் மேலெழுந்தது. டெர்மட் கையிலிருந்த கட்டை அப்படியே கிழித்து வீசினான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் தலையிலும் தோளிலும் காகிதத் துணுக்குகள்.

"போடுய்யா! பதினாறு வருஷமா வேடிக்கை பாத்துக்கிட்டே நிக்கிறியே. ஒரே ஒரு தடவ போட்டுப் பாரு!"

என் இடது கையில் தவறாகக் குறித்து ஒதுக்கிய அட்டைகள் ஒரு பிடி இருந்தன. ஏனோ அன்று எனக்கும் சிரிப்பு வந்தது. நாற்பது வயதில் ஒரு மனிதன் சம்பளக்காரனாகவே இருந்து பழகிவிட்டதை அன்றுதான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். வீசினேன். இரண்டு கைகளாலும் வீசினேன். பல வருஷங்களுக்குப் பிறகும் அந்த ஒரு நிமிஷம் என் நினைவில் குறையே இல்லாமல் இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்ற முதலாளிகள், தொப்பியில் காகிதத்தைப் பிடிக்க ஓடிய கிழவர்கள், காலடியில் கணுக்கால் வரை சரசரப்பு.

செவ்வாய்க்கிழமை லொரேனும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டோம். மத்தியானம் தோட்டத்து இலைகளை வாரினேன். இரவு உணவுத் தட்டுகளைக் கழுவி முடிப்பதற்குள் தொலைக்காட்சியில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். பதவியில் இருந்தவர் தோற்றுவிட்டார். அவரை எதிர்த்து நின்ற கலிஃபோர்னியாக்காரர் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

"பெர்ல்மட்டர் நோட்டுக்கு இது மூணாவது பொய்," என்றாள் லொரேன்.

புதன்கிழமை காலை படகிலேயே தெரிந்துவிட்டது. எல்லோரும் நின்றுகொண்டு பேசினார்கள், யாரும் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. பத்து மணிக்குத் திறக்கும் தளத்தில் ஒன்பது மணிக்கே மேடைகளைச் சுற்றிக் கூட்டம் முண்டியது. கீழே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. திங்கள் இரவே பெருக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். விமானக் கம்பெனிப் பங்குகளை வாங்க நாடு முழுவதிலுமிருந்து ஆர்டர்கள் குவிந்திருந்தன, விற்க ஆளில்லை. திங்கட்கிழமை இருபத்தேழில் நின்ற பசேயிக், முப்பத்தொன்றுக்கு மேல்தான் திறக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

டெர்மட் பெர்ல்மட்டரின் மேடையருகே நின்றிருந்தான். அவன் குரல் கேட்கவில்லை. அதுவே விசித்திரமாக இருந்தது. நான் நெருங்கியபோது பெர்ல்மட்டர் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீயே பாரு தம்பி. கடைசி வரி, தொள்ளாயிரம் பங்கு. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

"அம்பது வாங்கினேன் பெருசு. மணிக்கு முன்னாடி. நீங்க தலையாட்டினீங்க."

"கடைசி அஞ்சு நிமிஷத்துல நாப்பது பேருக்குத் தலையாட்டியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல. உன் தாளைக் காட்டு."

டெர்மட் சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான்.

"தாள் எங்க?"

"வீசிட்டேன்."

பெர்ல்மட்டர் கண்ணாடியைக் கழற்றி மேடைமேல் வைத்தார். "நாடாவுல இல்ல. புத்தகத்துல இல்ல. உன் கையிலயும் தாள் இல்ல. எதை வச்சுக் கேக்குற?" கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் பக்கமும் யோசிக்க வேண்டும். அந்த ஐயாயிரத்தை ஒப்புக்கொண்டால், இருபத்தேழுக்கு விற்றதை முப்பத்தொன்றுக்கு மேல் வாங்கி அவர் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே திங்கட்கிழமை கடன்பட்டு விற்றது கழுத்துவரை இருந்தது.

டெர்மட் என்னைப் பார்த்தான். என் கையைப் பிடித்துத் தொலைபேசிக் கூண்டுகளுக்குப் பக்கம் இழுத்துப்போனான்.

"வாத்தியாரே, அந்தக் கடைசி அம்பது. நீ குறிச்சேல்ல?"

"குறிச்சேன்."

"அப்ப நாடாவுல ஏன் வரல?"

என் பதிலுக்கு அவன் நிற்கவில்லை. தனக்குத்தானே பேசுகிறவன் மாதிரி அடுக்கினான்.

"வாங்கியாச்சுன்னு நான் சைகை காட்டிட்டேன். ஒஹையோக்காரனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. இப்ப வித்தவன் இல்லேன்னா, நான்தான் வித்தவன். இன்னிக்கு வெலைக்கு வாங்கி அவங்களுக்குக் கொடுக்கணும். இருபதாயிரம் டாலருக்கு மேல நஷ்டம் ஆகும். அவ்வளவு எங்க இருக்கு எங்கிட்ட? இருக்கையைத்தான் விக்கணும். அதை வித்தா அடகுக்காரன் வாசல்ல நிப்பான்." கொஞ்சம் நிறுத்தினான். "எங்க மாமியார் இன்னும் எனக்குத்தான் மொதல்ல தட்டு வைக்கிது, தெரியுமா? ரெண்டு உருளைக்கிழங்கு கூடப் போடும், வேலைக்குப் போற மாப்பிள்ளைன்னு."

"பத்து மணிக்குள்ள ஏதாவது..."

"பத்து மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும். தாளைப் பாக்காம வீசினேன் பாரு, என்னை மாதிரி ஒரு முட்டாளை இந்த ஊர் கண்டிருக்காது. ஆனா நீ முட்டாள் இல்லையே வாத்தியாரே. மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். மெஷின்காரங்கிட்ட கேளேன்."

மெஷினில் கோளாறு இல்லை. எனக்கு அப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது. இடது கையில் வேண்டாத அட்டைகள் இருந்தன. வலது கையில் ஒரே ஓர் அட்டை இருந்தது.

நான் பித்தளைக் கம்பியில் சாய்ந்து நின்றேன். கடிகாரம் ஒன்பது முப்பத்தெட்டு. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த அட்டை எந்தக் குப்பைக் கிடங்கில் மக்கிக்கொண்டிருக்கிறதோ! டெர்மட்டின் வார்த்தையை யாரும் ஏற்கமாட்டார்கள். என்னை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஒரு நிருபர் அட்டையை இயந்திரத்தில் செருகாமல் கூரைக்கு வீசினான் என்று இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்கிறவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. ஓய்வூதியம் உறுதியாக இன்னும் நாலு வருஷம் பாக்கி. வீட்டில் இரண்டு பெண்கள். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய்யாகும். நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த உருளைக்கிழங்குகளைத்தான்.

மேடைக்குத் திரும்பினேன். பசேயிக்கில் ஆர்டர் குவிந்ததால், திறப்பு விலையைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்து நின்றார். தளத்துக்கு அவர்தான் பெரியவர். சுற்றிலும் முப்பது தரகர்கள். கூட்டத்துக்கு நடுவில் பேச எனக்குப் பழக்கமில்லை. என் குரலே எனக்கு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"திங்கக்கிழமை கடைசி அம்பது நடந்தது. நான் பாத்தேன். பெர்ல்மட்டர் வித்தார், கியோ வாங்கினான். வெல இருபத்தேழு."

அதிகாரி திரும்பினார். "அப்ப அட்டை எங்க?"

"குறிச்சேன் சார். மணி அடிச்சதும் மத்ததோட சேத்து வீசிட்டேன்."

"வீசிட்டியா?"

"மேல."

"நீயா?"

யாரோ ஒருவன் குபீரென்று சிரித்தான், உடனே வாயைப் பொத்திக்கொண்டான். டெர்மட் கூட்டத்துக்குள் தோளை நுழைத்தான். "சார், நான்தான் அவனைப் போடச் சொல்லி உசுப்பேத்தினேன். அவன் மேல..."

"கியோ, நீ வாயை மூடு. உன்னால வந்த வினைதான் இது." அதிகாரி என்னிடம் வந்தார். "நீயும் அவனும் சிநேகிதங்க. இந்த வேலையில இருந்துக்கிட்டு இப்படி வந்து சொன்னா நான் எப்படி எடுத்துக்கிறது?"

நியாயமான கேள்வி.

பெர்ல்மட்டர் மேடை விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினார். "ரூட்ஸிக். நீ பாத்தேன்னு சொல்றியே, அப்ப நான் என்ன பண்ணினேன்?"

"கண்ணாடியை நெத்திக்குத் தூக்கினீங்க. தலையாட்டினீங்க. பென்சிலைத் திருப்பி ரெண்டு தட்டுத் தட்டினீங்க."

"எல்லாருக்கும் தட்டுவேனா?"

"இல்ல சார். மத்தவங்க ஆர்டரை முடிச்சுக் கொடுத்தா தட்டமாட்டீங்க. சொந்தக் கையிலேர்ந்து விக்கும்போது மட்டும் ரெண்டு. வாங்கும்போது ஒண்ணு."

மற்ற மேடைகளில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. பெர்ல்மட்டர் தன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார், யாரோ அதை இப்போதுதான் அவர் கையில் வைத்ததுபோல.

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ எங்க வீட்டுக்காரி. அவளுக்கே தெரியாது நான் தட்டுறது," என்றார். "எனக்கும் தெரியாது."

பிறகு எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"ஏத்துப்பா. திங்கட்கிழமை கடைசி வரிக்குக் கீழே. அம்பது, இருபத்தேழுக்கு, கியோவுக்கு."

"யோசிச்சுக்கோங்க பெர்ல்மட்டர்," என்றார் அதிகாரி. "நாணயத்தைச் சுண்டிப் பாக்கலாம், பாதிப் பாதி போட்டுக்கலாம். வழி இருக்கு."

"பாதி நான் விக்கல. முழுசா வித்திருக்கேன்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, போங்க, வழிய விடுங்க. எனக்குத் திறக்கிற வேலை இருக்கு."

டெர்மட் அவர் கையைப் பிடிக்கப் போனான். "கையத் தொடாதே, எண்ணிக்கிட்டு இருக்கேன்," என்றார் கிழவர்.

பத்து மணிக்கு மணி அடித்தபோது எல்லோரும் அவரையே கவனித்தார்கள். அவருக்கு இப்போது விலை தாழ்வாக இருப்பதுதான் லாபம். வாங்க வந்தவர்களைக் கொஞ்சம் காக்க வைத்து, மெல்லத் திறந்து, இடையில் தன் கடனைத் தீர்த்துக்கொள்ள ஆயிரம் வழி உண்டு. அவர் முப்பத்தொன்றரைக்குத் திறந்தார். சரியான விலை, அதற்கு மேல் அரைக்கால் டாலர் கேட்டிருந்தாலும் அதிகம், கீழே வைத்திருந்தாலும் திருட்டு. அன்று எங்கள் தளத்தில் அதுவரை காணாத அளவு பங்குகள் கைமாறின. காலையில் பொங்கிய சந்தை மத்தியானத்துக்கு மேல் அடங்கிவிட்டது. தேர்தலுக்கு மறுநாள் பெரும்பாலும் அப்படித்தான்; காலையில் கட்சி, மாலையில் கணக்கு. முடியும்போது பசேயிக் இருபத்தொன்பதே காலுக்கு வந்திருந்தது. பெர்ல்மட்டர் தன் கடனில் பெரும்பகுதியை அந்த இறக்கத்தில் தீர்த்துவிட்டார். நஷ்டம்தான், ஆனால் ஆளைச் சாய்க்கிற நஷ்டமில்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு இது அவருக்குத் தெரியாது. அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான்கு மணிக்குப் பிறகு கறுப்பு நோட்டை எடுத்து 1980 என்று எழுதினார். பக்கத்தில் என்னவோ கிறுக்கினார்.

"என்ன எழுதினீங்க?" என்று டெர்மட் எட்டிப் பார்த்தான்.

"நோட்டு பொய், வாத்தியார் நிஜம்னு."

என்னை வேலையைவிட்டு அனுப்பத்தான் இருந்தார்கள். பெர்ல்மட்டர் மாடிக்குப் போய் ஏதோ பேசினார் என்று கேள்வி. வீசியவனே வந்து சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது, இவனை அனுப்பினால் இனி எவன் சொல்வான் என்று கேட்டாராம். ஜனவரியில் என்னைத் தளத்திலிருந்து மேலே, பார்வையாளர் மாடத்துக்கு மாற்றினார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் கீழே நடப்பதை விளக்க வேண்டும். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. பென்சில் போய்விட்டது. வலது கைக்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல் ரொம்ப நாள் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன்.

டெர்மட்டும் நானும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். கம்பு ரொட்டிக்கு நடுவில் உப்பு மாட்டிறைச்சி. அவன் அந்தப் புதன்கிழமையைப் பற்றி நன்றியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு தடவையும் தன் தட்டிலிருந்த ஊறுகாயை எடுத்து என் தட்டில் வைப்பான், அவ்வளவுதான்.

அடுத்த தேர்தல் வந்தது. அந்த வருஷம் முதல்முறையாக, அதிபர் தேர்தல் நாளன்றும் சந்தை திறந்திருக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். உலகம் தூங்குவதில்லை, நாம் ஏன் ஒரு நாள் தூங்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அதனால் திங்கட்கிழமை மாலை மற்ற மாலைகளைப் போலவே முடிந்தது. மணி அடித்தது, தாளைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். மாடத்தில் பார்வையாளர் கூட்டம் வரிசையில் நின்றது. கீழே சந்தை ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்குச் சில நிமிஷம் முன்னால், நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடிச் சுவர் வழியாகச் சத்தம் வராது. மணி அடித்ததைக்கூட, மணி மேடையில் நின்றவரின் கை அசைவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். தரகர்கள் கலையத் தொடங்கினார்கள்.

டெர்மட் நகரவில்லை. பெர்ல்மட்டரின் மேடைக்கு எதிரில், நான் பதினாறு வருஷம் நின்ற இடத்தில் நின்று, அண்ணாந்து மாடத்தைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மூக்குக்கு நேராகப் பிடித்து, வெகு கவனமாக, உதடுகளை அசைத்து வாசித்தான். திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தான். அதை மேடைக்குள்ளே நீட்டினான். எழுபது வயதுப் பெர்ல்மட்டர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பென்சிலின் பின்பக்கத்தால் மேடை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் கேட்டது.

டெர்மட் தாளை நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்தான். பலம்கொண்ட மட்டும் மேலே வீசினான். ஒரே ஒரு ஆள் வீசிய ஒரே ஒரு தாள். அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் அது ஒன்றுமே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சுழன்று சுழன்று அவன் தலையிலேயே வந்து விழுந்தது.

பக்கத்தில் நின்ற சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள். "அந்த மாமா ஏன் அங்க குப்பை போடுறாரு?"

"பாத்துட்டுத்தாம்மா போடுறாரு," என்றேன்.